உறைகலம் தேர்தல்: நூற்பாவும் விளக்கவுரையும்

மிகையுணவு மனைவயின் உறைவித்து வைப்போர்
வைப்பது அளந்தே உறைகலம் தேர்க
கிடந்தது குளிர்விடாது நின்றது கைக்கெளிது
பதினெண் கீழ்நிலை பிறழாமை தலையே
காத்தல் வேறே உறைவித்தல் வேறே
மீன்குறி இரண்டும் மயங்காது அறிக
நிலத்தின் வெம்மை நோக்கிக் கொள்க
மின்னறு பொழுதினும் திறவாக் கலனுள்
நிறைந்தது இருநாள் குறைந்தது ஒருநாள்
வளியறப் பொதிந்து நாள்பொறித்து அடுக்குக
புக்கவாறு அன்றிப் புறப்படல் இலவே

என்பது என் நுதலிற்றோ எனின், இல்லறத்தார் உண்டு எஞ்சியதும் பருவத்தில் மிகக் கொண்டதும் ஆகிய உணவினைக் கெடாது காக்கும் உறைகலத்தைத் தேர்ந்து கொள்ளுமாறும், கொண்டபின் அதனை ஆளுமாறும் உணர்த்துதல் நுதலிற்று. உறைகலம் என்றது வழக்கில் ஃப்ரீசர் எனவும் டீப் ஃப்ரீசர் எனவும் வழங்கப்படுவதனை. இது குளிர்சாதனப் பெட்டியின் மேலறை அன்று. உறைவித்தல் ஒன்றற்கே அமைந்த தனிப்பெட்டி.

பதினோரடியுள் முதலிரண்டும் தேவையையும், மூன்றாவது வடிவையும், நான்கு முதல் ஏழு வரை உள்ளன தகுதியையும், எஞ்சிய நான்கும் ஆளுமாற்றையும் கூறின. விலையும் நிறமும் ஓரடியிலும் கூறப்படாமை நோக்குக. அவை கடையில் முதற்கண் தோன்றுவன. தேர்வில் இறுதிக்கண் வரத்தக்கன. ஆதலின் ஆசிரியர் அவற்றைக் கேட்போர் அறிவுக்கு விட்டார்.

'மிகையுணவு மனைவயின் உறைவித்து வைப்போர்'

மிகையுணவு என்பது அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட உணவு. அஃது இருவகைத்து. சமைத்து எஞ்சியது ஒன்று. மலிந்த காலத்தில் வேண்டியதினும் மிகுதியாகக் கொண்டது மற்றொன்று. மார்கழி தைத் திங்களில் வரும் பச்சைப் பட்டாணியும், கோடையில் பிழிந்த மாம்பழக் கூழும், உடைத்த தேங்காய் மிகுந்தவழித் துருவி வைக்கும் பூவும், பக்ரீத் நாளில் பங்காக வந்த இறைச்சியும் இரண்டாம் வகையின. உறைகலம் தனியே வேண்டப்படுவது பெரும்பான்மையும் இவ்விரண்டாம் வகை பற்றியே என்க.

மனைவயின் என்பதில் வயின் ஏழாம் வேற்றுமைப் பொருள்பட நின்றது. இதனால் வணிகக் கலங்கள் விலக்கப்பட்டன. என்னை? ஐஸ்கிரீம் கடைகளில் கண்ணாடி மேல்மூடியொடு நிற்பன பண்டத்தைக் காட்டற்கு ஆக்கப்பட்டவை. கண்ணாடி, நுரை அடைத்த தடித்த மூடி போல வெப்பத்தைத் தடுக்காது. இல்லத்திற்கு வேண்டுவது காட்டும் கலம் அன்று, காக்கும் கலம். விலை குறைந்தது என்று பழைய கடைப்பெட்டியை வாங்கி மின்கட்டணத்தால் வருந்துவார்க்கு இச்சொல்லே மருந்து.

உறைவித்து வைப்போர் என இருவினை கூறினார். உறைவித்தல் முன், வைத்தல் பின். இரண்டும் வேறு தொழில் என்பது ஐந்தாம் அடியில் விரியும். அதற்கு இங்கே வித்திட்டவாறு. அன்றியும், 'வைப்போர்' என வரைந்து கூறியதனால், வைக்கும் வழக்கம் இல்லார்க்கு இக்கலம் வேண்டா என்பதும் பெறப்படும். கிழமைதோறும் புதிதாக வாங்கிச் சமைக்கும் சிறு குடும்பத்திற்குக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையே அமையும்.

'வைப்பது அளந்தே உறைகலம் தேர்க'

இவ்வடியே இந்நூற்பாவின் உயிர்நிலை. வைப்பது என்பது வைக்கப்படும் பொருள். அளந்து என்பது எடையும் கொள்ளளவும் கணித்து. ஏகாரம் தேற்றம், அளவாது தேரற்க என எதிர்மறையும் முகந்து நின்றது. தேர்க என்பது வியங்கோள். வாங்குக என்னாது தேர்க என்றதனால், பலவற்றை ஒப்பு நோக்கல் உளதாயிற்று.

அளக்குமாறு யாங்ஙனம் எனின், ஒரு காட்டு வருமாறு. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடித்தற்குத் தடை உண்டு. மீன் இனப்பெருக்கம் கருதி வகுத்த தடை அது. அக்காலத்தில் நல்ல மீன் அரிதாகும், விலையும் ஏறும். கிழமைக்கு இருமுறை மீன் சமைக்கும் நால்வர் கொண்ட இல்லம் முறைக்கு ஒரு கிலோ கொள்ளும் எனின், ஒன்பது கிழமைக்கு 18 கிலோ ஆயிற்று. பொதிந்து அடுக்குமிடத்து இடையில் வெற்றிடம் படுதலின், ஒரு லிட்டர் வெளியில் அரைக் கிலோ அடங்கும் எனக் கொள்க. எனவே மீனுக்கு 36 லிட்டர். தேங்காய்ப் பூ, பட்டாணி, இறைச்சி, சமைத்து எஞ்சியன ஆகியவற்றிற்கும் கூடைகளின் இடத்திற்கும் சேர்த்து அதனின் இருமடங்கு கூட்டினும் 108 லிட்டரே. 100 லிட்டரை ஒட்டிய கலம் அவ்வில்லத்திற்கு அமையும் என்றவாறு. ஆளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் என்னும் பொதுவழக்கின்படி நால்வர்க்கு 160 லிட்டர் ஆகும்; அளந்து காணின் அத்துணை வேண்டா.

அற்றேல், பெரிதாகக் கொண்டால் பிற்காலத்திற்கு உதவாதோ எனின், உதவாது. பாதி வெறுமையாய்க் கிடக்கும் கலம் திறக்குந்தோறும் உள்வளி மிகுதியும் மாறும். மின் அற்றபொழுது விரைந்து வெம்மையுறும். இரண்டாவதனை ஆசிரியரே ஒன்பதாம் அடியில் 'குறைந்தது ஒருநாள்' என்பர். அன்றியும் இடம் உள்ளவழி நிரப்பும் வேட்கை எழும். அடியிற் கிடந்த பொதி ஆண்டு கடந்து வெளிப்படும். ஆதலின் அளவிற்கு மிக்கதும் குற்றம். அளவிற் குறைந்ததும் குற்றம்.

'கிடந்தது குளிர்விடாது நின்றது கைக்கெளிது'

கிடந்தது, நின்றது என்பன வினையாலணையும் பெயர்கள். கிடந்தது என்றது மேல்மூடி திறக்கும் கிடைப்பெட்டியை. கடைக்காரர் இதனைச் செஸ்ட் ஃப்ரீசர் என்பர். நின்றது என்றது முன்கதவு திறக்கும் நிலைப்பெட்டியை. அதனை அப்ரைட் ஃப்ரீசர் என்பர்.

குளிர்விடாது என்றதற்குக் காரணம், குளிர்ந்த வளி வெம்மையுற்ற வளியினும் கனமுடைத்தாதல். மேல்மூடி திறந்தவழி அது கலத்துள்ளே தங்கும். முன்கதவு திறந்தவழி அடி வழியே சரிந்து வெளியேற, அறையின் ஈரவளி மேல்வழியே புகும். இங்கு நுண்ணிதாக உணரத்தக்கது ஒன்று உண்டு. வெளியேறும் வளி சுமக்கும் குளிர் சிறிதே. உறைந்த பொருளின் எடையொடு நோக்க அஃது ஒரு பொருட்டன்று. புகும் வளியின் ஈரமே கேடு செய்வது. சென்னை, நாகப்பட்டினம் போலும் கடலோர ஊர்களில் அவ்வீரம் மிகுதி. அது சுவரிலும் பொதியிலும் பனியாகப் படிந்து, குளிர் செல்லும் வழியை மறைக்கும். எனவே குளிர்விடாமை என்றதனுள் ஈரம் புகாமையும் அடங்கிற்று.

கைக்கெளிது என்பதில் கை, எடுப்பாரை முழுதும் குறித்தலின் சினையாகுபெயர். கையொடு கண்ணும் இடுப்பும் கொள்க. நிலைப்பெட்டியில் தட்டும் இழுப்பறையும் வரிசைப்பட்டு நிற்றலின், வேண்டியது கண்ட அளவில் கைப்படும். கிடைப்பெட்டியில் அடியிலுள்ளது வேண்டுமாயின் மேலுள்ளவற்றை எடுத்துவைத்துக் குனிந்து துழாவ வேண்டும். முதுகுநோய் உடையார்க்கும், உயரம் குறைந்தார்க்கும், முதியோர்க்கும் இது நாளும் ஒரு துன்பம்.

இவ்விரண்டனுள் சிறந்தது யாது என ஆசிரியர் கூறிற்றிலர். ஒவ்வொன்றற்கும் ஒரு குணமே கூறி நிறுத்தினார். ஒன்றன் குணமே மற்றையதன் குறையாகலின், குறையைத் தனித்து ஓதல் மிகை. உரைகாரர் கருத்து யாதெனின், திங்கட்கணக்கில் மீனும் இறைச்சியும் வைப்பார்க்கும், மின்தடை மிக்க ஊரார்க்கும் கிடைப்பெட்டியே தக்கது. நாளும் பலமுறை திறந்து சிறுசிறு பொதி எடுப்பார்க்கும், தரைப்பரப்புக் குறைந்த அடுக்ககத்தார்க்கும் நிலைப்பெட்டி தக்கது. அதனுள்ளும் திறந்த தட்டினும் மூடிய இழுப்பறை உடையது மேம்பட்டது. ஒன்றை இழுக்கும்வழி மற்றையவற்றின் குளிர் சரியாமையின்.

'பதினெண் கீழ்நிலை பிறழாமை தலையே'

பதினெண் கீழ்நிலை என்பது செல்சியஸ் அளவையில் சுழியத்தின் கீழ் 18 டிகிரி. ஃபாரன்ஹீட் அளவையில் இது சுழியமாகும். பிறழாமை என்பது அந்நிலையினின்று வழுவாமை. தலை என்பது முதன்மை.

ஏறத்தாழச் சுழியத்தின் கீழ் 10-ஐ அடையும்பொழுதே நுண்ணுயிர்கள் பெருகுதல் நின்றுவிடும். பின் 18 எதற்கு எனின், கேடு நுண்ணுயிரால் மட்டும் வருவதன்று. உணவிலுள்ள நொதிகளும், கொழுப்பொடு கூடும் உயிர்வளியும் உறைந்த நிலையிலும் மெல்லத் தம் தொழிலைச் செய்யும். குளிர் மிகமிக அவை மெலியும். மத்தி, கானாங்கெளுத்தி போலும் எண்ணெய்ப்பசை மிக்க மீன்கள் 18 டிகிரி கீழ்நிலையிலும் இரண்டு மூன்று திங்களில் காறல் அடைவது இது பற்றியே.

பிறழாமை எனத் தனித்து ஓதியது என்னையெனின், வெப்பநிலை ஏறியும் இறங்கியும் வருமாயின் உணவின் சிறு பனித்துகள்கள் உருகி மீண்டும் பெருந்துகள்களாகத் திரளும். அவை தசைநாரைக் கிழிக்கும். உருக்கும்பொழுது சாறு வடியும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ எனப்படும் தானே பனி நீக்கும் கலங்கள் இடையிடையே சூடேற்றிப் பனியை உருக்குவன. அவற்றுள் சுழலும் உலர்வளி, நன்கு பொதியாத உணவின் ஈரத்தையும் கவரும். சுரண்டும் உழைப்பு இல்லாமை அவற்றின் நலம். டைரக்ட் கூல் எனப்படுவன பனி படிய விடுவன. அரை சென்டிமீட்டர் தடித்தவழி அணைத்து உருக்கல் வேண்டும். நெடுநாள் வைப்புக்கு இப்பின்னையதே பிறழாமை உடைத்து. கலத்தின் முகப்பில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாது, சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தல் கடன்.

'காத்தல் வேறே உறைவித்தல் வேறே'

காத்தல் என்பது முன்பே உறைந்த பொருளை அந்நிலையில் நிறுத்தல். உறைவித்தல் என்பது வெம்மையுற்ற புதுப்பொருளை உறையச் செய்தல். ஏகாரம் இரண்டும் பிரிநிலை. முதலடியில் இட்ட வித்து இங்கே முளைத்தவாறு காண்க.

இவ்வேறுபாட்டின் பெருமை கணக்கால் விளங்கும். ஒரு கிலோ நீரை 30 டிகிரியினின்று சுழியத்திற்குக் கொணர நீக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 126 கிலோ ஜூல். சுழியத்திலேயே நின்று நீர் பனிக்கட்டியாக மாற மட்டும் 334 கிலோ ஜூல் நீக்கல் வேண்டும். பின் அப்பனிக்கட்டியை 18 டிகிரி கீழிறக்க 38 அளவே போதும். நடுவண் உள்ள மாற்றமே பெருஞ்சுமை. மீன் ஏறத்தாழ முக்காற்பங்கு நீராகலின் அதற்கு இது சிறிது குறையும், வகை மாறாது. ஆகவே உறைந்ததனைச் செவ்வனே காக்கும் கலம், புதியதனை உறைவிக்கும்வழித் திணறலாம்.

விரைந்து உறைதலும் வேண்டும். 1910-களில் லாப்ரடார் நிலத்தில் வாழ்ந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைந்து, திங்கள் பல கழிந்தும் புதியது போல் இருப்பதனைக் கண்டார். மெல்ல உறைந்தது பெரும்பனித்துகள் உடைத்து. விரைந்து உறைந்தது சிறுதுகள் உடைத்து. சுவை வேற்றுமைக்கு இதுவே காரணம் என உணர்ந்து, விரைவாக உறைவிக்கும் முறையை வகுத்தார். அம்முறையில் உறைவித்த உணவுகள் 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. இல்லத்துக் கலம் அவ்வேகத்தை எட்டாது. ஆயினும் பொருளை மெல்லிய பொதிகளாகப் பரப்பி வைத்தலால் அதனை அணுகலாம்.

'மீன்குறி இரண்டும் மயங்காது அறிக'

மீன் என்பது ஈண்டு விண்மீன். நீர்வாழ் மீன் அன்று. குறி என்பது கலத்தின்மேல் பொறித்த அடையாளம். இரண்டும் என்பதன் உம்மை முற்றும்மை. இரண்டன்றிப் பிற இன்மையும், இரண்டனுள் ஒன்றும் விடற்பாலது அன்மையும் உணர்த்திற்று.

முதற்குறி குளிர்க்குறி. ஒரு விண்மீன் சுழியத்தின் கீழ் 6 டிகிரியையும், இரண்டு 12-ஐயும், மூன்று 18-ஐயும் குறிக்கும். நான்கு விண்மீனும் அதே 18-ஐயே குறிக்கும். எனின், மூன்றினும் நான்கு எவ்வாற்றான் மேம்பட்டது? உறைவித்தலான் மேம்பட்டது. 100 லிட்டர் கொள்ளளவிற்கு 4.5 கிலோவுக்குக் குறையாத புது உணவை 24 மணி நேரத்தில் 18 டிகிரி கீழ்நிலைக்குக் கொணர வல்லதே நான்காம் விண்மீன் பெறும். கலம் எத்துணைச் சிறிதாயினும் இவ்வளவு 2 கிலோவுக்குக் குறைதல் ஆகாது. ஆகவே மூன்று விண்மீன் காக்கும் கலத்திற்கும், நான்கு விண்மீன் உறைவிக்கும் கலத்திற்கும் உரியன. முந்தை அடியையும் இவ்வடியையும் அடுத்தடுத்து வைத்த முறை இதனால் விளங்கும்.

இரண்டாம் குறி மின்குறி. இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வகுத்தது. 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்வழித் தோன்றிய அப்பணியகம் 2006 முதல் இம்முத்திரைத் திட்டத்தை நடத்தி வருகிறது. ஒன்று முதல் ஐந்து வரை நிற்கும் இவ்விண்மீன்கள் மின்செலவின் சிக்கனத்தைக் குறிப்பன. குளிரைக் குறிப்பன அல்ல. ஐந்து விண்மீன் கண்டு மிகக் குளிர்விக்கும் எனக் கொள்ளுதலும், நான்கு விண்மீன் கண்டு ஐந்தினும் தாழ்ந்தது எனத் தள்ளுதலும் மயக்கம். அம்மயக்கத்தை நீக்கவே 'மயங்காது' என்றார். மின்முத்திரையில் விண்மீனோடு ஆண்டு மின்செலவு யூனிட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஒத்த கொள்ளளவு உடைய கலங்களை அவ்வெண் கொண்டே ஒப்பிடுக.

இனி, மேற்கூறிய 18 கிலோ மீனை இவ்வடியொடு பொருத்திக் காண்க. 100 லிட்டர் கலம் ஒரு நாளில் 4.5 கிலோவுக்கு உறுதி கூறும். தடைக்கு முந்தைய நாள் சென்னைக் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் 18 கிலோவையும் ஒருங்கே வாங்கி ஒருங்கே திணித்தால், நடுவில் உள்ளது நெடுநேரம் உறையாது கிடந்து கெடும். முன்பே உறைந்திருந்ததும் பிறழும். நான்கு நாளாகப் பகுத்து இடுதல் வேண்டும். வாங்கும் நாளையும் அவ்வாறே பகுத்துக் கொள்வது இன்னும் நன்று. இடும் நாளுக்கு முந்தைய இரவே கலத்தை மிகக் குளிர்நிலைக்குத் திருப்பி வைக்க.

'நிலத்தின் வெம்மை நோக்கிக் கொள்க'

நிலம் என்பது கலம் நிற்கும் ஊரும், ஊருள் வீடும், வீட்டுள் இடமும் என மூன்றையும் தழுவும். முதலாவது ஊர். உலக வழக்கில் கலங்களுக்குத் தட்பவெப்ப வகுப்பு நான்கு உண்டு. எஸ்என், என் என்பன சுற்றுவெப்பம் 32 டிகிரி வரையும், எஸ்டி 38 வரையும், டி 43 வரையும் தாங்குவன. வேலூரிலும் திருத்தணியிலும் அக்னி நட்சத்திர நாள்களில் வெப்பம் 40-ஐக் கடத்தல் வழக்கம். ஆதலின் நம் நிலத்திற்கு டி வகுப்பே உரியது. இவ்வெழுத்துக் கலத்தின் பின்புறத்தோ உட்புறத்தோ ஒட்டிய தகட்டில் இருக்கும். விளம்பரத் தாளில் அதனைத் தேடிக் காணாதவர் தகட்டைக் காட்டக் கேட்க.

இரண்டாவதும் மூன்றாவதும் வீடும் இடமும். கலம் உள்வெப்பத்தைக் கவர்ந்து புறத்தே உமிழ்வது. உமிழ இடம் இல்லையாயின் கம்ப்ரசர் ஓயாது ஓடும். எனவே சுவரை ஒட்டாது ஒரு சாண் இடைவெளி விடுக. சிறப்பளவு கலத்தொடு வரும் கையேட்டில் காண்க. மேற்கு வெயில் படும் மாடமும், அடுப்பின் அருகும், தகரக்கூரை வேய்ந்த மொட்டைமாடி அறையும் ஆகா.

'கொள்க' என்றதனான் குளிரூட்டும் வளியின் வகையையும் கேட்டுக் கொள்க என்பதும் இலேசினால் தழுவப்படும். ஆர்134ஏ என்பதன் புவி வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வளியினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. ஆர்600ஏ என்னும் ஐசோபியூட்டேனுக்கு அது மிகச் சிறிது. ஆதலின் பின்னையதே கொள்ளத்தக்கது. ஆயினும் அது தீப்பற்றும் இயல்பிற்று. படிந்த பனியைக் கத்தியால் குத்திக் குழாயைத் துளைத்தல் ஒருகாலும் செய்யற்க.

'மின்னறு பொழுதினும் திறவாக் கலனுள் நிறைந்தது இருநாள் குறைந்தது ஒருநாள்'

இவ்விரண்டடியும் ஒரு தொடர். மின்னறு பொழுது என்பது மின்சாரம் நின்ற காலம். உம்மை சிறப்பு. திறவா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதன்மேலேயே தொடரின் பொருள் முழுதும் நிற்கின்றது. நிறைந்தது இருநாள் என்பது நிரம்ப அடுக்கிய கலம் ஏறத்தாழ 48 மணி நேரம் உறைநிலையைக் காக்கும் என்றவாறு. குறைந்தது என்பது பாதி நிரம்பியது. அஃது 24 மணி நேரம் காக்கும். காக்கும் என்னும் பயனிலை வருவிக்க. உறைந்த பொருளே உருகுங்கால் ஐந்தாம் அடியின் உரையில் கூறிய 334 கிலோ ஜூலை மீளக் கொள்ளுதலின், பொருள் மிகமிகக் காலம் நீளும். வெற்றிடம் உளதாயின் நீர் நிரப்பிய புட்டிகளை உறையவைத்து நிரப்புக.

இக்கால வரையறை எங்கும் ஒத்ததோ எனின், அன்று. கோடை வெப்பத்தில் குறையும். எத்துணை மணி நேரத்தில் 18 டிகிரி கீழ்நிலை 9 டிகிரி கீழ்நிலையாக ஏறும் என்பதனைச் சில கலங்களின் விவரத்தாள் கூறும். வாங்குமுன் அதனைக் கேட்பார் சிலரே, கேட்டல் வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைத் தாக்கியபொழுது, பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் அன்று, கிழமைக்கணக்கில் மீளவில்லை. அத்தகைய நிலத்தில் இருநாள் என்பது உணவைக் காக்கும் எல்லை அன்று. காலம் கடவாது சமைத்துப் பகிர்ந்து முடித்தற்கு உரிய எல்லை என்று கொள்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைப்பினைக் குறைத்துக் கொள்ளுதல் கடற்கரை மாவட்டத்தார்க்கு அறிவுடைமை.

வெளியூர் சென்ற காலத்தில் மின் நின்று மீண்டதோ என அறிய ஒரு நெறி உண்டு. குவளையில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயம் இட்டு உள்ளே வைக்க. மீண்டு வந்து காணுங்கால் நாணயம் அடியில் கிடப்பின், இடையில் யாவும் உருகி மீண்டும் உறைந்தன எனத் தெளிக.

'வளியறப் பொதிந்து நாள்பொறித்து அடுக்குக'

வளியற என்பது காற்று உள்ளே நில்லாதவாறு. காற்று நின்றவழிப் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகி வெளியேறும். உணவு வெளுத்து நார்போல் உலரும். பொதிந்து என்றது தடித்த ஜிப் பையும் இறுகிய மூடியுடைய டப்பாவும் முதலியவற்றான் கட்டுதலை. நீர்மப்பொருளுக்கு மேலே சிறிது இடம் விடுக. நீர் உறையுங்கால் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். நிரப்பி மூடிய கண்ணாடிப் புட்டி வெடிக்கும். காய்களைக் கொதிநீரில் இட்டு எடுத்தபின் பொதிதல் வேண்டும்: பட்டாணிக்கு இரண்டு நிமிடம் அளவும், பீன்ஸுக்கு மூன்று நிமிடமும், பின் பனிநீரில் இட்டு ஆற்றலும். நொதி அடங்குதல் இதன் பயன்.

நாள் பொறித்தல் எளியது, ஆகலின் கைவிடப்படுவது. கொத்திய இறைச்சி மூன்று நான்கு திங்களுக்குள்ளும், கொழுப்புக் குறைந்த மீன் ஆறு திங்கள் அளவிலும், சமைத்த குழம்பு இரண்டு மூன்று திங்களுக்குள்ளும் சுவை குன்றாது இருக்கும். நாள் இல்லாப் பொதிக்கு இவ்வெல்லைகளால் பயன் இல்லை. அடுக்குக என்றது பழையது மேலும் புதியது கீழும் படுமாறு. தயிரும், வேகவைத்த உருளைக்கிழங்கும், வெள்ளரிக்காயும், ஓட்டொடு கூடிய முட்டையும் அடுக்கற்பாலன அல்ல; உறைந்தபின் திரிந்தும் நீர்த்தும் வெடித்தும் கெடுதலின்.

'புக்கவாறு அன்றிப் புறப்படல் இலவே'

புக்கவாறு என்பது புகுந்த நிலை. புறப்படல் என்பது வெளிப்படுதல். இலவே என்பது பலவின்பால் எதிர்மறைக் குறிப்புமுற்று. எழுவாயாகிய உணவுகள் என்பது அவாய்நிலையான் வந்தது. உணவு எந்நிலையில் உட்புகுந்ததோ அதனின் மேம்பட்டு வெளிவருதல் இல்லை என்றவாறு. வாடிய மீனை இட்டவர் வாடிய மீனையே பெறுவர். இது பற்றியே கலத்தின் தகுதி கூறியபின் பொருளின் தகுதியை இறுதிக்கண் வைத்தார்.

அற்றேல், அரிசியையும் மாவையும் நான்கு நாள் உறைகலத்தில் வைத்தால் வண்டும் அதன் முட்டையும் மாயுமே. அது மேம்பாடு அன்றோ எனின், பூச்சிக்கு அஃது உண்மை. நுண்ணுயிர்க்கு அன்று. அவை உறங்குவன, மாய்வன அல்ல. உருகத் தொடங்கியவுடன் விழித்துப் பெருகும். ஆகலின் உருக்கும் முறையும் இவ்வடியுள் அடங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழறையில் வைத்து ஓரிரவில் உருக்குக. விரைவு வேண்டின், பொதியொடு தண்ணீரில் இட்டு, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றி, உருகியவுடன் சமைக்க. மேடைமேல் வெளியில் வைத்து உருக்கற்க.

மின் அற்று மீண்டபின் பொதியுள் பனித்துகள் இன்னும் நிற்குமாயின் மீள உறைவிக்கலாம். சுவை சிறிது குன்றும், கேடு இல்லை. முற்ற உருகி, 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் கடந்து நின்ற மீனையும் இறைச்சியையும் களைக. சில நுண்ணுயிர் விட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆதலின் சமைத்து மீட்கலாம் என எண்ணற்க.